பட்டியலக்கா மறைத்து வைத்த இரண்டு வரிசைகள்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. நகராட்சி அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், புகார்ப் பிரிவின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தவரை, மாடியிலிருக்கும் பெரிய அதிகாரி முதல் வாசலில் செருப்புத் தைப்பவர் வரை எல்லோரும் பட்டியலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணில் படுவதையெல்லாம் பட்டியல் போடுவார். வீட்டிலும் அப்படித்தான். வாங்க வேண்டிய சாமான், துவைக்கப் போட்ட துணி, பேச வேண்டிய சொந்தக்காரர்கள் என்று சமையலறைச் சுவர் முழுக்கத் தாள் ஒட்டியிருக்கும். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அவர் கணவர், "என்னையும் சேத்துட்டியா, இல்ல நான் இன்னும் பெண்டிங்கா?" என்று கேட்பார்.

இன்னொரு குணமும் உண்டு. எதையும் தூக்கிப் போட மாட்டார். சுண்டு விரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில், ஒரு பக்கம் வெற்றாக இருக்கும் தாள், மூடி தொலைந்த பேனா எல்லாம் அவர் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தில் யாருக்கு ஒரு பழைய தாள் வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். ஆனால் நடந்த கொடுமைக்கு வேர் இந்தக் குணத்தில்தான் இருக்கிறது. அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. மக்கள் கொடுக்கும் புகார்கள் அனைத்தையும் இனி மாதா மாதம் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். எந்தத் தெருவில் என்ன குறை, அது எத்தனை நாளாகத் தீராமல் கிடக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். புகார் கொடுத்தவரின் பெயரும் போன் நம்பரும் மட்டும் வெளியே போகக் கூடாது. நல்ல உத்தரவு. கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நல்ல உத்தரவுதான். அதைச் சொல்லிக்கொடுக்க வந்தவர் அரை நாள் பேசினார். திரையில் வட்டமும் அம்புக்குறியுமாகக் காட்டினார். வெளிப்படைத்தன்மை என்ற சொல்லை அவர் எத்தனை முறை சொன்னார் என்று பட்டியலக்கா கோடு போட்டு எண்ணினார், அறுபத்திரண்டு. பெயரை எப்படி எடுப்பது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

முதல் மாதம் பட்டியலக்கா தனக்குத் தெரிந்தபடி செய்தார். கம்ப்யூட்டர் பட்டியலில் குறுக்கே போவதை அவர் வரி என்பார், மேலிருந்து கீழே இறங்குவதை வரிசை என்பார். பெயர் வரிசையையும் போன் நம்பர் வரிசையையும் அழித்துவிட்டு, அதே ஃபைலை இணையதளத்தில் ஏற்றினார். அலுவலகத்துக்கென்று வேறு பிரதி எடுத்து வைக்கத் தோன்றவில்லை. மறுநாள் பார்த்தால் யார் என்ன புகார் கொடுத்தார்கள் என்பது அலுவலகத்துக்கே தெரியவில்லை. பிரிவு அதிகாரி நாலு பேர் முன்னால் வைத்துக் கிழி கிழி என்று கிழித்தார். மூட்டையில் கட்டிப் போட்டிருந்த காகிதப் படிவங்களைப் பிரித்து, பதினோரு நாள் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகத் திரும்ப ஏற்றினார் பட்டியலக்கா. இடுப்பு விட்டுப்போனது.

அதிலிருந்து அவர் எதையும் அழிப்பதில்லை. அழிக்காமல் மறைக்கவும் ஒரு வழி இருப்பதைத் தானாகவே கண்டுபிடித்தார். வரிசையின் தலையில் வலது பக்கம் சொடுக்கினால் 'மறை' என்று வரும். அதை அழுத்தினால் வரிசை காணாமல் போகும். வேண்டும்போது திரும்ப வரவழைத்துக்கொள்ளலாம். ஒரே ஃபைல், அலுவலகத்துக்கும் ஆச்சு, ஊருக்கும் ஆச்சு. தலைப்பில் மட்டும் ஏ, பி என்று வந்து அடுத்ததாக ஈ என்று நிற்கும். நடுவில் சி, டி இருக்காது. பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சின்னதாக ஒரு பெருமை வரும். பதினேழு மாதம் அப்படியே ஏற்றினார். பெட்டியைப் பூட்டிச் சாவியை அதன் மேலேயே வைத்துவிட்டு வந்தது மாதிரி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் அந்த அலுவலகத்தில் யாரும் இல்லை.

இனி பஞ்சர் கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பழைய வாய்க்காலை ஒட்டிய சந்து முனையில் அவருடைய கடை. ஒரு காற்று அடிக்கும் மெஷின், ஓட்டை கண்டுபிடிக்க ஒரு தண்ணீர்த் தொட்டி, சுவரில் மாட்டிய டியூப்கள், அவ்வளவுதான். வாரத்தில் மூன்று நாலு நாள் விடிகாலையில் டேங்கர் லாரிகள் வந்து எங்கிருந்தோ கொண்டுவந்த கழிவை வாய்க்காலில் திறந்துவிட்டுப் போகும். தண்ணீர் ஊதா நிறமாகும். சந்திலிருக்கும் குழந்தைகளுக்குக் காலெல்லாம் கொப்புளம். சந்துக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்கள். இவர் சாத்தவில்லை. லாரி நம்பரைக் கடைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்து, பிறகு படிவத்தில் எழுதி, புகார்ப் பிரிவு ஜன்னலில் கொண்டுவந்து நீட்டுவார். தொழில் புத்தி போகுமா? நம்பரோடு, 'பின்பக்கம் இடது டயர் வழுக்கை' என்றும் எழுதுவார். பட்டியலக்கா அதையும் விடாமல் ஏற்றுவார்.

அவர் இவரை அக்கா என்பார், இவர் அவரை அண்ணா என்பார். யாருக்கு யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

"இன்னிக்கு ரெண்டு வழுக்கைக்கா," என்று படிவத்தை நீட்டுவார்.

"உங்களுக்குப் பயமே கிடையாதாண்ணா?"

"பயந்தா கையெழுத்துப் போட்டிருப்பேனா? மொட்டைக் கடுதாசியில்ல எழுதியிருப்பேன்?"

ஒன்றும் நடக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பத்தோரு புகார், நாற்பத்தொன்றுக்கும் நேரே 'பரிசீலனையில்' என்று நின்றது. ஆனாலும் இணையதளத்தில் வருகிறது என்று தெரிந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஒருநாள் விரிசல் விட்ட போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடி வந்தார். கைரேகைக்குள்ளெல்லாம் கரி.

"பாருங்கக்கா! நாப்பத்தோரு வரி! உலகத்துல எவன் வேணும்னாலும் பாக்கலாமாமே. என் பேரோட வந்திருக்கு!"

வரிசையில் பின்னால் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த போன் பளபளத்ததே தவிர எழுத்துத் தெரியவில்லை. பெருமையில் பேசுகிறார் என்று நினைத்தார் பட்டியலக்கா.

"பேரெல்லாம் வராதுண்ணா. அத நான் மறைச்சிட்டேன்," என்று சிரித்தார்.

"அப்படியா? சரி சரி, உங்களுக்குத் தெரியாததா," என்று அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பதினெட்டு நாள் கழித்து, காலையில் கடை திறக்கும் நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். டயரைக் கழற்றும் இரும்புப் பட்டையை அவர் கடையிலிருந்தே எடுத்தார்கள். முதலில் எழுதுகிற கையின் விரல்களை அடித்தார்கள், பிறகு மற்றக் கையை, பிறகு தாடையை, கடைசியில் தலையை. சுவரில் எழுதியிருந்த நம்பர்கள் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு நடந்தே போனார்கள். சந்தில் அன்றைக்கும் கதவுகள் சாத்தியிருந்தன.

விஷயம் அலுவலகத்துக்குப் பதினோரு மணிக்கு வந்தது. 'யாரு கொடுத்த புகாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?' என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். மனுஷனுக்கு வாய் நிக்காது, டீக்கடையில போனைக் காட்டிப் பெருமையடிச்சிருப்பார். போலீஸும் அதைத்தான் எழுதிக்கொண்டது. பட்டியலக்காவும் அதைத்தான் நம்பினார். நம்பாமல் என்ன செய்வது?

நாலாம் நாள் காலை, அடுப்பில் பால் வைத்துவிட்டு, அந்த நாற்பத்தோரு புகாரில் ஒன்றாவது நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. கணவரின் போனை வாங்கி, இணையதளத்திலிருந்து போன மாத ஃபைலை இறக்கித் திறந்தார். ஏ. பி. சி. டி. ஈ.

அந்தப் போனுக்கு மறைத்தது, மறைக்காதது என்ற பேதமெல்லாம் தெரியவில்லை. இருந்ததையெல்லாம் காட்டியது. பஞ்சர் கடைக்காரரின் பெயர், நம்பர். அதற்குக் கீழே வாடகை வீட்டுச் சுவர் இடிவதாக எழுதிய பெண்ணின் பெயர், நம்பர். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சாராயம் விற்பதாக எழுதியவர். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தார்கள், ஒரு மாதத்துக்கு ஆயிரம் பேருக்குக் குறையாமல். ஃபைலுக்கு அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: அறுபத்து மூன்று முறை இறக்கப்பட்டது. பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. கணவர் எழுந்து வந்து பார்த்தபோது பட்டியலக்கா தரையில் உட்கார்ந்திருந்தார்.

"என் பேரோட வந்திருக்குன்னு சொன்னாருங்க. என்கிட்டயே வந்து சொன்னாரு."

கண்டக்டர் கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "உனக்கு இன்னும் ஏழு மாசம் சர்வீஸ் இருக்கு. நீ சொன்னா அவர் விரல் ஒட்டிக்கப் போகுதா? மொதல்ல அந்த ஃபைலை எடு. மத்ததப் பொறுமையா பாக்கலாம்."

அன்றைக்கு அலுவலகம் போனதும் முதல் வேலையாகப் பதினேழு ஃபைலையும் எடுத்தார். இந்த முறை பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பெயரையும் நம்பரையும் நிஜமாகவே அழித்துவிட்டு, புதிதாக ஏற்றினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. முடித்ததும் பிரிவு அதிகாரியிடம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

அதிகாரி கதவைச் சாத்தினார். கத்துவார் என்று எதிர்பார்த்தார் பட்டியலக்கா. அவர் கத்தவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, முப்பத்தோரு வருடத்தில் முதல் முறையாக அவரை உட்காரச் சொன்னார்.

"பழசையெல்லாம் எடுத்துட்டீங்களா? நல்ல காரியம் பண்ணீங்கம்மா. இனி யார் வந்து பாத்தாலும் ஒண்ணும் இருக்காது."

"சார், நான் அதுக்காக எடுக்கல..."

"எதுக்காக எடுத்தா என்ன? இத பாருங்க, அந்த ஆள் எழுதற தினுசே தனி. டயர் வழுக்கைன்னு வேற யாரு எழுதுவா? பேர் இல்லாமலேயே கண்டுபிடிச்சிருப்பாங்க. நீங்க ஏன் தேவையில்லாம இழுத்துப் போட்டுக்கறீங்க?"

மறுநாள் போலீஸிலிருந்து ஒரு கடிதம் கேட்டார்கள். பட்டியலக்காவே அதைத் தட்டச்சு செய்தார்: 'புகார்தாரர்களின் பெயரோ தொலைபேசி எண்ணோ இணையதளத்தில் இல்லை.' அதிகாரி படித்துவிட்டு, "இப்போ இருக்கா? இல்லல்ல. அப்ப இதுல என்ன பொய்?" என்றார். தயாரித்தவர் என்ற இடத்தில் பட்டியலக்கா கையெழுத்துப் போட்டார். தப்பைத் திருத்தப் போய் அதற்கே மூடி போட்டுவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனார், அதில் சந்தேகமில்லை. வார்டு வாசல் வரைக்கும் போய்விட்டார். பஞ்சர் கடைக்காரரின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. கண் மட்டும் திறந்திருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி. பட்டியலக்கா அந்தப் பெண்ணைப் பார்ப்பது அதுதான் முதல் முறை.

"சொல்லாதீங்க சொல்லாதீங்கன்னு எத்தன தடவ தலையால அடிச்சுக்கிட்டேன்? எவன்கிட்ட போய் உளறினீங்க? டீக்கடையிலயா?"

அவர் தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டினார்.

"இல்லங்கறீங்களா? பின்ன அவனுங்களுக்குக் கனவா வந்துது? இந்த நெலமையிலயும் எங்கிட்ட பொய். ஊருக்கு முன்னாடி பெரிய மனுஷன் ஆகணும், அதானே உங்களுக்கு? என்னப் பத்தி ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா வாயத் தொறந்திருப்பீங்களா?"

அவர் திரும்பவும் ஆட்டினார். கண் ஓரமாகத் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அந்தப் பெண் திட்டிக்கொண்டே தன் முந்தானையால் அதைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே மறுபடியும் திட்டினாள்.

அப்போது உள்ளே போயிருக்கலாம். நாலு அடி தூரம். ஒரே ஒரு வாக்கியம் போதும். பட்டியலக்கா கையிலிருந்த பழப் பையை வாசலில் நின்ற நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். நடக்கவில்லை, ஓடினார். பஸ்ஸில் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்: இப்போது அவர்களே நொந்துபோய் இருக்கிறார்கள், கொஞ்சம் தேறட்டும், வாய்க்கட்டு பிரித்த பிறகு அவருக்கும் சேர்த்தே சொல்லலாம். மனிதருக்கு அவரவர் செய்கைக்குக் காரணம் கிடைக்காமல் போனதே இல்லை.

ஒன்பதாம் நாள் காலை பஞ்சர் கடைக்காரர் இறந்துபோனார்.

பட்டியலக்கா அன்று வேலைக்குப் போனார். மறுநாளும் போனார். புகார்களை வாங்கி ஏற்றினார். படிவம் நீட்டுகிறவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை; கையை மட்டும் பார்த்தார், விரல்களை எண்ணினார். இரண்டு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. கண்டக்டர் ஒருநாள் காலையில் தன் போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அன்றைக்கு இறக்கிய பழைய ஃபைல் அதில் அப்படியே இருந்தது.

"அழிச்சிரவான்னு பல தடவ எடுத்தேன். மனசு வரல. உன்கூட இருந்து எனக்கும் உன் புத்தி ஒட்டிக்கிச்சு போல," என்றார். "எடுத்துட்டுப் போ. ஆனது ஆகட்டும்."

போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. தான் கையெழுத்துப் போட்ட கடிதம் உண்மையை மறைத்தது என்றும் அதிலேயே எழுதினார். எழுத்தர் போனை வாங்கி வைத்துக்கொண்டு, "உங்க வேலைக்கே உலை வச்சிக்கிறீங்களேம்மா," என்றார். போகட்டும் என்று இருந்தது. கஷ்டமான பகுதி முடிந்துவிட்டது என்றுகூட அவர் நினைத்தார். அங்கிருந்து நேராகச் சந்து முனைக்குப் போனார்.

கடையைக் காலி செய்துகொண்டிருந்தாள் அந்தப் பெண். காற்று மெஷினை யாரோ வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி வற்றி, அடியில் கறுப்பாகச் சேறு. சுவரில் அழிந்தும் அழியாமலும் ஒன்றிரண்டு நம்பர்.

"நான் நகராட்சிப் புகார்ப் பிரிவும்மா. உங்க வீட்டுக்காரரோட புகாரெல்லாம் வாங்கி ஏத்தினது நான்தான்."

"பட்டியலக்காவா? உங்களப் பத்திச் சொல்லாத நாளே கிடையாது," என்று சொல்லி, பழைய டயர் ஒன்றைத் தட்டிக் கவிழ்த்துப் போட்டாள். "உக்காருங்க."

பட்டியலக்கா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மறைத்த வரிசை, கணவரின் போன், அறுபத்து மூன்று, அந்தக் கடிதம். மென்று விழுங்காமல் சொன்னார். முடிவில், "அவர் யார்கிட்டயும் சொல்லலம்மா. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. பேரை வெளிய விட்டது நான்," என்றார்.

அவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்து, கையிலிருந்த டியூபைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"தலைய ஆட்டினாருக்கா. ஒம்போது நாளும் ஆட்டினாரு. நான் நம்பல."

சுருட்டிய டியூபை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினாள்.

"கடைசி நாள் விடியக்காலையிலகூடக் கேட்டேன். எவன்கிட்ட சொன்னீங்க, அதயாவது சொல்லிட்டுப் போங்கன்னு. அதுக்கும் ஆட்டினாரு. கோவத்துல மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். திரும்பிப் பாத்தப்ப..." டியூபைக் கீழே வைத்தாள். "இது உங்களுக்கு என்னிக்குத் தெரியும்?"

பொய் சொல்லலாம். நேற்றுத்தான் தெரிந்தது என்றால் யாருக்குத் தெரியப் போகிறது?

"நாலாம் நாள்."

"ஒரு நாள் வார்டு வாசல்ல வந்து நின்னுட்டுப் போனீங்களா? யாரோ ஒரு அம்மா பழம் குடுத்துட்டு ஓடிட்டாங்கன்னு நர்ஸ் சொன்னாங்க."

"நான்தான். ஆறாம் நாள்."

அந்தப் பெண் விரலை மடக்கி எண்ணினாள். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடப் பட்டியலக்கா தாங்கியிருப்பார்.

"மொதல் மூணு நாள் திட்டினது என் கணக்கு. அது எனக்கும் அவருக்கும்," என்றாள். "மீதி ஆறு நாள் உங்க கணக்கு, அக்கா. அத எந்தப் பட்டியல்ல எழுதுவீங்களோ எழுதிக்குங்க."

பிறகு எழுந்து, மிச்சமிருந்த டியூப்களைச் சுவரிலிருந்து கழற்ற ஆரம்பித்தாள். பட்டியலக்கா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு அவரும் ஒரு பக்கத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்கிக்கொள்ளவும் இல்லை. பட்டியலக்கா ஒவ்வொன்றாகச் சுருட்டித் தரையில் வைத்தார்.